மக்கா, மதீனா, மறுபடி மக்கா: உம்ராவோடு சேர்ந்த ஜியாரத்

மக்காவில் செய்யும் உம்ரா என்ற வணக்கத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இஹ்ராம் (உம்ராவுக்கான நிலைக்குள் நுழைதல்), தவாஃப் (கஃபாவைச் சுற்றுதல்), ஸஃயீ (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடத்தல்), தலைமுடி களைதல், அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பத்துப் பதினைந்து நாள் தங்கி வருகிறார்கள். அதில் ஒரு காலைப் பொழுது பஸ்ஸில் ஏற்றி, ‘அதோ ஹிரா, இதோ ஸவ்ர், அந்தப் பக்கம் அரஃபா’ என்று ஜன்னல் வழியே கைகாட்டினால் ஜியாரத் (புனித இடங்களைப் பார்த்தல்) முடிந்தது. ஊர் வந்து சேர்ந்தபின் எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

நபிகள் நாயகம் (ஸல்) வாழ்ந்த வரிசையிலேயே பயணத்தை அமைத்துக்கொண்டால் இந்தக் குறை இருக்காது. முதலில் மக்கா, அடுத்து மதீனா, கடைசியில் மறுபடி மக்கா. கூடுதல் செலவு ஒரு ரயில் டிக்கெட்டும் ஓரிரு நாள் அறை வாடகையும்தான்.

முதல் தவறு ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மீக்காத் என்ற எல்லையை இஹ்ராம் இல்லாமல் தாண்டக் கூடாது. கப்பல் காலத்தில் நம்மவர்களுக்கு அந்த எல்லை யலம்லம். இன்று வளைகுடா வழியாக விமானம் மாறிப் போகிறவர்கள் பெரும்பாலும் தாயிஃப் பக்கத்துக் கர்னுல் மனாஸிலுக்கு நேராகக் கடக்கிறார்கள். ஜித்தாவில் போய்க் குளித்து உடுத்திக்கொள்ளலாம் என்றிருந்தால் எல்லை பின்னால் போய்விட்டிருக்கும். திரும்பிப் போய் நிய்யத் (எண்ணம்) வைக்க வேண்டும், இல்லையென்றால் பரிகாரமாக ஒரு ஆடு அறுக்க வேண்டும். அதனால் வீட்டிலோ இடைவழி விமான நிலையத்திலோ குளித்து, இரண்டு தையல் இல்லாத துணிகளையும் உடுத்திவிட்டு, விமானத்தில் அறிவிப்பு வரும்போது நிய்யத்தும் தல்பியாவும் (‘லப்பைக்’ முழக்கம்) சொன்னால் போதும். துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருக்கிறார்கள். நிய்யத் வைத்தபின் விமானத்தில் தரும் வாசனை டிஷ்யூவால் முகம் துடைக்கக் கூடாது.

பெண்களுக்குத் தனி உடை இல்லை, வழக்கமான உடையே போதும். முகத்தை நிகாபால் மூடுவதுதான் கூடாது. மாதவிடாய் வந்தால் இஹ்ராம் கெடாது. தல்பியா, திக்ரு எல்லாம் செய்யலாம், தவாஃப் மட்டும் சுத்தமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

தவாஃப் ஏழு சுற்று, கஃபா இடப்பக்கம் இருக்க வேண்டும். ஹஜருல் அஸ்வத் (கறுப்புக் கல்) மூலைக்கு நேராகச் சுவரில் பச்சை விளக்கு எரியும், தொடக்கமும் முடிவும் அங்கேதான். எண்ணிக்கையில் நாலா ஐந்தா என்று சந்தேகம் வந்தால் நாலு என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு மணி கோத்த சிறு தஸ்பீஹ் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. ஆண்கள் வலது தோளைத் திறந்து வைப்பது தவாஃபின்போதுதான். அது முடிந்து இரண்டு ரக்அத் தொழ நிற்கும்போது தோளை மூடிக்கொள்ள வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். கஃபாவின் திரையிலும் ஹஜருல் அஸ்வத்திலும் அத்தர் பூசியிருப்பார்கள். இஹ்ராமில் இருப்பவர் ஆசையாகத் தொட்டால் கையில் வாசனை ஒட்டிக்கொள்ளும். உம்ராவின் தவாஃபில் தூரத்திலிருந்து கை காட்டி ‘அல்லாஹு அக்பர்’ சொல்வதே நல்லது.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என ஷாஃபிஈ மத்ஹபை (சட்டப் பள்ளியை)ப் பின்பற்றுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்நிய ஆண், பெண் தோல் பட்டாலே உளூ (தொழுகைக்கு முன் கழுவிப் பெறும் சுத்தம்) முறியும் என்பது அந்த மத்ஹபின் சட்டம். தவாஃப் செய்யும் இடமான மதாஃபின் நெரிசலில் அதற்கு என்ன செய்வது? இந்த விஷயத்தில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றிக்கொள்ளலாம் என்று ஆலிம்கள் பலர் வழி சொல்கிறார்கள். ஆனால் உளூவையும் அந்த மத்ஹபின்படியே செய்திருக்க வேண்டும். தலையில் சில முடிகளைத் தடவுவது அங்கே போதாது, கால் பாகம் மஸ்ஹு செய்ய வேண்டும். இதை ஊரிலேயே கேட்டுத் தெளிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

கஃபாவை ஒட்டி அரைவட்டமாக ஒரு தாழ்ந்த சுவர் இருக்கிறது. அதுதான் ஹிஜ்ரு இஸ்மாயீல், ஹதீம் என்றும் சொல்வார்கள். அதற்குள் புகுந்து குறுக்கே வெளியே வந்தால் அந்தச் சுற்று செல்லாது, ஏனென்றால் அந்த இடமும் கஃபாவைச் சேர்ந்தது. நாயகம் (ஸல்) நபியாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு மக்காவின் குறைஷிக் குலத்தார் கஃபாவைப் புதுப்பித்தார்கள். வட்டி, விபச்சாரம் போன்ற வழியில் வந்த காசு கலக்கக் கூடாது, ஹலாலான பணம் மட்டும் போதும் என்று உறுதி எடுத்தார்கள். பணம் பற்றவில்லை. இப்ராஹீம் நபி (அலை) போட்ட அஸ்திவாரத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டுச் சுவரை எழுப்பினார்கள். சிலைகளை வைத்திருந்தவர்கள்தான், ஆனாலும் இறையில்லத்துக்குத் தூய காசுதான் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தப் பற்றாக்குறையின் அடையாளத்தைத்தான் ஏழு முறையும் சுற்றி வருகிறோம்.

முதல் மூன்று சுற்றுகளில் ஆண்கள் ரமல் செய்வது சுன்னத் (நபிவழி). அடியைச் சிறிதாக வைத்து, தோள்களை அசைத்து, வேகமாக நடப்பது. கூட்டம் இருந்தால் விட்டுவிடலாம், யாரையும் இடித்துக்கொண்டு செய்யத் தேவையில்லை. ஏன் மூன்று சுற்று, ஏன் வேகம் என்பதை மதீனாவிலிருந்து திரும்பி வரும்போது பார்ப்போம்.

ஸஃயீயைப் பற்றி ஒன்று மட்டும். ஸஃபாவிலிருந்து மர்வா போனால் ஒன்று, மர்வாவிலிருந்து ஸஃபா வந்தால் இரண்டு. ஏழாவது மர்வாவில் முடியும். போய் வருவதை ஒன்றாக எண்ணி, பதினான்கு முறை நடந்து கால் வீங்கி வருபவர்கள் உண்டு. ஏழு முறை சரியாக நடந்தாலே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும்.

உம்ரா முடிந்து ஓரிரு நாள் ஓய்வெடுத்தபின் ஹிராவுக்குப் போகலாம். அது இருக்கும் மலை ஜபலுந் நூர், ஹரமுக்கு (கஃபா உள்ள பள்ளிக்கு) வடகிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், உயரம் ஒரே சீராக இல்லை. இளைஞர்களுக்கே ஒரு மணி நேரம் ஆகும். வெயிலேறியபின் தொடங்கினால் பாறை அனலடிக்கும். விடியற்காலைச் சுபுஹுக்கு முன்போ மாலை அஸருக்குப் பின்போ ஏற வேண்டும், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. உச்சிக்குப் போனதும் குகை வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மறுபக்கம் சற்று இறங்கி, பாறை இடுக்கில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். உள்ளே இரண்டு மூன்று பேர் நின்றால் இடம் நிறைந்துவிடும். அங்கே தொழுவது உம்ராவின் பகுதி அல்ல, சுன்னத்தும் அல்ல. நெரிசலில் தொழுகைக்கு இடம் பிடிக்கச் சண்டை போடுவதைவிட, வெளியே ஒரு பாறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குவது மேல்.

610 இல், நாயகத்தின் (ஸல்) நாற்பது வயதில், அந்த இடுக்கில்தான் ‘ஓதுவீராக’ என்ற முதல் வசனம் இறங்கியது. இன்று குர்ஆனில் 96வது அத்தியாயத்தின் முதல் ஐந்து வசனங்கள் அவை. அவற்றில் எந்தச் சட்டமும் இல்லை. படைத்த இறைவனைப் பற்றியும் எழுதுகோலால் கற்பித்ததைப் பற்றியும்தான் பேச்சு. நடுங்கிப்போய் இறங்கி வந்தவரைப் போர்த்திவிட்டுத் தைரியம் சொன்னவர் மனைவி கதீஜா (ரலி). முதலில் நம்பியவரும் அவரே. மக்காவில் இருந்த பதின்மூன்று ஆண்டுகளிலும் அழைப்பு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்: இறைவன் ஒருவன், அவனுக்கு இணையில்லை, மறுமையில் கணக்கு உண்டு, அநாதையை விரட்டாதே, ஏழைக்கு உணவளி. ஐவேளைத் தொழுகை மிஃராஜ் என்ற விண்ணேற்றத்தில்தான் கடமையானது. ரமலான் நோன்பு மதீனா போய் இரண்டாம் ஆண்டில் வந்தது. ஐந்து கடமைகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல என்பது ஊர்களை வரிசையாகப் பார்க்கும்போது நன்றாக விளங்கும்.

ஸவ்ர் மலை ஹிராவைவிடக் கடினம், பெரும்பாலோர் அடிவாரத்தில் நின்று பார்த்துவிடுவதே போதும். ஆனால் அங்கே நிற்கும்போது திசையைக் கவனிக்க வேண்டும். மதீனா வடக்கே இருக்கிறது, ஸவ்ரோ மக்காவுக்குத் தெற்கே. 622 இல் மதீனாவுக்கு இடம்பெயர்ந்த ஹிஜ்ரத்தின்போது, கொலை செய்யத் தேடி வந்த குறைஷிகள் வடக்கு வழியைத்தான் அலசுவார்கள் என்று தெரிந்து, நாயகமும் (ஸல்) தோழர் அபூபக்கரும் (ரலி) தெற்கே போய் ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்கரின் மகன் அப்துல்லாஹ் பகலில் ஊரில் நடமாடி இரவில் செய்தி கொண்டுவந்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை அந்தப் பக்கம் மேய்த்துப் பால் கொடுத்தார். பாலைவழி காட்டக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உறைகித் முஸ்லிம் அல்ல. இறைவன் மீது முழு நம்பிக்கை, கூடவே இவ்வளவு ஏற்பாடும்.

மக்காவிலிருந்து மதீனா வரையிலான அந்தத் தூரத்தை இப்போது ஹரமைன் அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகத்தில் கடந்துவிடுகிறது.

மதீனாவில் வரிசைப்படி முதலிடம் குபா பள்ளிக்கு. நாயகத்தின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவிக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர் அளவில், நடந்தே போகலாம். நாயகம் (ஸல்) சனிக்கிழமைதோறும் அங்கே போவார்கள், சில நாள் நடந்தும் சில நாள் வாகனத்திலும். தங்குமிடத்திலேயே சுத்தம் செய்துகொண்டு குபா வந்து தொழுதால் ஒரு உம்ராவின் நன்மை என்று ஹதீஸ். இதை வைத்து ஆட்களைக் கூட்டிப் போகிறவர்கள், அறையிலேயே உளூ செய்துகொண்டு வாருங்கள் என்ற முக்கியமான வார்த்தையைச் சொல்லாமல் விடுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மொத்தக் கூட்டமும் குபாவின் உளூ குழாய்களை நோக்கி ஓடுகிறது.

மஸ்ஜிதுந் நபவி இருக்கும் நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகத் தருகிறோம் என்றபோதும் விலை கொடுத்துத்தான் வாங்கப்பட்டது. பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை. இன்று ரவ்ளாவுக்குள் (மிம்பருக்கும் நாயகத்தின் இல்லத்துக்கும் இடைப்பட்ட இடம்) போக நுசுக் செயலியில் முன்பதிவு வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் தனித்தனி. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்து எடுத்துவிடுங்கள், மதீனா போய்ச் சேர்ந்தபின் தேடினால் கிடைப்பது அரிது. உள்ளே சில நிமிடங்கள்தான், இரண்டு ரக்அத்தும் ஒரு துஆவும் முடிவதற்குள் எழுப்பிவிடுவார்கள். அடக்கத்தலத்தின் முன் ஸலாம் சொல்லும்போது முதலில் நாயகத்துக்கு (ஸல்), ஓரடி வலப்பக்கம் நகர்ந்து அபூபக்கருக்கு (ரலி), இன்னும் ஓரடி நகர்ந்து உமருக்கு (ரலி). துஆ இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும்.

கிப்லதைன் பள்ளியில் அதிக நேரம் வேண்டியதில்லை. ஹிஜ்ரத்துக்குப் பின் பதினாறு பதினேழு மாதங்கள் ஜெரூசலத்தின் பைத்துல் முகத்தஸை நோக்கியே தொழுதார்கள், பிறகு கஃபாவை நோக்கித் திரும்பக் கட்டளை வந்தது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

உஹத் போர்க்களத்தில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். சுற்றுலா பஸ்கள் இருபது நிமிடம் கொடுத்துவிட்டுப் பேரீச்சம்பழச் சந்தையில் ஒரு மணி நேரம் நிறுத்துகின்றன. வாகனம் தனியாக எடுத்துப் போனால் ஜபலுர் ருமாத் என்ற சிறு குன்றில் ஏறி நில்லுங்கள். 625 இல் முஸ்லிம்கள் சுமார் 700 பேர், எதிரே குறைஷிகள் 3000. இந்தக் குன்றில் 50 வில்லாளிகளை நிறுத்தி, வெற்றியோ தோல்வியோ இடத்தை விட்டு நகராதீர்கள் என்று நாயகம் (ஸல்) சொல்லியிருந்தார்கள். போர் சாதகமாகத் திரும்பியதும் பெரும்பாலோர் பொருள் சேகரிக்க இறங்கிவிட்டார்கள். அப்போது எதிரணியில் இருந்த காலித் இப்னு வலீத் குதிரைப் படையோடு பின்பக்கமாக வந்தார். 70 பேர் உயிர்நீத்து ஷஹீதானார்கள், நாயகத்தின் சிற்றப்பா ஹம்ஸா (ரலி) உட்பட. எத்தனை சின்னக் குன்று, அதை விட்டதால் எத்தனை கப்ருகள் (அடக்கத்தலங்கள்) என்று மேலே நின்றால் கண்ணாலேயே அளக்கலாம். வேலிக்குள் இருக்கும் அந்தக் கப்ருகளுக்கு ஸலாம் சொல்லலாம். மண்ணையோ கல்லையோ பரக்கத்துக்காக அள்ளி வரக் கூடாது.

மூன்றாம் கட்டம், மதீனாவிலிருந்து மறுபடி மக்கா. மக்காவிலேயே தங்கி, பக்கத்து எல்லையான தன்ஈம் போய் இஹ்ராம் கட்டி நாளுக்கொரு உம்ரா செய்வதைவிட, மதீனாவின் மீக்காத்தான துல்ஹுலைஃபாவிலிருந்து வரும் இந்த ஓர் உம்ரா அர்த்தம் நிறைந்தது. ரயிலில் வந்தால் அது மீக்காத்தில் நிற்காது. அறையிலேயே குளித்து உடுத்தி, ரயில் கிளம்பியதும் நிய்யத் வைத்துவிட வேண்டும்.

628 இல் இதே துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் உடுத்திச் சுமார் 1400 பேர் வந்தார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷிகள் மறித்துவிட்டார்கள். இன்று பழைய ஜித்தா சாலையில் ஷுமைஸி என்று கேட்டால் அந்த இடத்தைக் காட்டுவார்கள். பத்து ஆண்டு போர் இல்லை, இந்த ஆண்டு திரும்பிப் போ, அடுத்த ஆண்டு மூன்று நாள் வரலாம் என்று ஒப்பந்தம். ‘அல்லாஹ்வின் தூதர் முஹம்மது’ என்று எழுதியதைக்கூட எதிர்த்தரப்பு அழிக்கச் சொன்னது, நாயகம் (ஸல்) ஒத்துக்கொண்டார்கள். தோழர்களுக்குத் தாங்கவில்லை. முடி களையுங்கள் என்று சொல்லியும் யாரும் எழவில்லை. யாரிடமும் பேசாமல் நீங்கள் முதலில் செய்யுங்கள் என்று யோசனை சொன்னவர் நாயகத்தின் மனைவி உம்மு ஸலமா (ரலி). நாயகம் (ஸல்) செய்ததைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

தோல்விபோல் தெரிந்த அந்த அமைதியில்தான் மார்க்கம் பரவியது. கோத்திரங்கள் பயமின்றி வந்து பேசின, மன்னர்களுக்குக் கடிதங்கள் போயின. 1400 பேரோடு திரும்பியவர் 630 இல் பத்தாயிரம் பேரோடு மக்காவுக்குள் வந்தார்கள்.

அந்த இரண்டுக்கும் நடுவே, 629 இல், ஒப்பந்தப்படி உம்ராவுக்கு வந்தபோது, மதீனாக் காய்ச்சலில் இவர்கள் நொந்து போயிருக்கிறார்கள் என்று குறைஷிகள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதல் மூன்று சுற்றுகளை வேகமாக நடக்கும்படி நாயகம் (ஸல்) தோழர்களிடம் சொன்னார்கள். ஏழு சுற்றுக்கும் சொல்லாதது தோழர்கள் மீதிருந்த இரக்கத்தால்.

பிறகு பார்ப்பதற்கு எதிரி யாரும் இல்லை. ஆனாலும் 632 இல் தம் இறுதி ஹஜ்ஜான ஹஜ்ஜத்துல் விதாவில் நாயகம் (ஸல்) ரமல் செய்தார்கள்.  பின்னாளில் உமர் (ரலி) ஒருமுறை, அந்த எதிரிகளை அல்லாஹ் அழித்துவிட்டான், இனி நமக்கு இந்த ரமல் எதற்கு என்று கேட்டுவிட்டு, நாயகம் (ஸல்) செய்த ஒன்றை விட நமக்கு விருப்பமில்லை என்று தொடர்ந்தார். இரண்டாவது உம்ராவில், பச்சை விளக்குக்கு நேராக நின்று தோளைத் திறந்ததும், அந்த மூன்று சுற்றும் தொடங்குகிறது.