சிரிப்பான்கள் தாண்டாத கணவாய்

ஜனவரியில் ஊட்டிக்குப் போவது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆனால் கூட்டம் இருக்காது. எனக்குப் படகுச் சவாரியோ ரோஜாத் தோட்டமோ வேண்டியிருக்கவில்லை. இரண்டு பறவைகளை அங்கே பார்த்துவிட்டு, அவற்றின் பங்காளிகளைக் கொடைக்கானலில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கோயம்புத்தூரில் வாடகைக்கு வண்டி பிடித்தபோது டிரைவர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு குருவிக்கு இவ்ளோ தூரமுங்களா?" என்றார். பணம் கொடுக்கிறவன் சொல்கிறான் என்று சும்மா இருந்துவிட்டார்.

ஊட்டியை ஒட்டிய கேர்ன் ஹில் காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, சத்தம் வந்துவிட்டது. நீலகிரி சிரிப்பானைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால்தான் பார்க்க வேண்டும். ஒன்று ஆரம்பிக்கும், பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ளும், அப்புறம் மொத்தக் கூட்டமும் கெக்கலிக்கும். கல்யாண வீட்டுச் சமையல்கட்டு தோற்றுப்போகும். பாதையோரச் செடி ஒன்றில் ஒன்று வந்து உட்கார்ந்து, பழத்தை அலகால் திருகிப் பறித்து அப்படியே விழுங்கியது. மைனாவைவிடச் சின்னது. கண்ணுக்கு மேலே அகலமான வெள்ளைப் புருவம், தாடையும் தொண்டையும் கறுப்பு, மார்பும் வயிறும் நல்ல செம்பழுப்பு. ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இரண்டாவது பறவை அப்படிக் காட்சி கொடுக்காது. சோலையின், அதாவது மலையுச்சியின் குட்டையான பசுமைமாறாக் காட்டின் தரையில், இலைக்குப்பை ஈரமாக மக்கிக் கிடக்கும் இருட்டில், தத்தித் தத்தி நடக்கும் ஒரு நீலப் பறவை. சோலக்கிளி என்கிறார்கள் பறவையாளர்கள். கிளிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கால் மரத்துப்போகும் வரை குத்தவைத்து உட்கார்ந்திருந்த பிறகு, ஓடையோரம் ஒன்று வெளியே வந்தது. முதுகு கருநீலம். இரு பக்க விலாவிலும் செங்கல் நிறம். ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு மறுபடி இருட்டுக்குள் போய்விட்டது. இந்த விலா நிறத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் வழியாக இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததுமே ஸ்வெட்டர் கழன்றுவிட்டது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று வண்டி போனது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகள் எல்லாம் காற்றில் ஒரே பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன. மேற்கே பார்த்தால் மலையில் ஓர் ஓட்டை. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு கிடையாது. அகலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வடக்கே நீலகிரி தொட்டபெட்டாவில் 2,637 மீட்டருக்கு ஏறுகிறது. தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் தரை வெறும் 140 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ரயிலும் நெடுஞ்சாலையும் மலை ஏறாமல் கேரளாவுக்குள் போவது இந்த வழியாகத்தான்.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். ஊட்டிப் பறவைகளின் சொந்தம் கொடைக்கானலில் இருக்கிறது, இந்தப் பள்ளம்தான் இரண்டையும் பிரித்தது என்றேன். அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பறக்கிறதுதானுங்களே? தாண்டிப் போயிட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. பதில் இறக்கையில் இல்லை, வெயிலில் இருக்கிறது. இந்தப் பறவைகள் பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே, சோலையும் குளிரும் இருக்கும் இடத்தில் வாழ்பவை. கணவாயின் வறண்ட, சூடான சமவெளி அவற்றுக்குக் கடல் மாதிரி. ஆராய்ச்சியாளர்கள் இந்த மலை உச்சிகளை வானத்தீவுகள் என்று அழைப்பதும் அதனால்தான். உட்கார நிழல் இல்லை, தின்னப் பழக்கமான இரை இல்லை, ஒளிய இடம் இல்லை. காற்று அடித்துத் தள்ளி எப்போதாவது ஒன்று இரண்டு வந்து சேர்ந்தாலும், இரண்டு பக்கமும் ரத்தம் கலக்கும் அளவுக்குப் போக்குவரத்து இல்லை. அப்படியே பல லட்சம் ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதை வெறும் ஊகமாக விடாமல் அளந்து பார்த்தவர்கள் உண்டு. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் ஆகிய ஆராய்ச்சியாளர்களின் குழு மலை மலையாக ஏறி, விடியும் முன்பே மெல்லிய வலை கட்டி, சிக்கிய பறவையின் இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அந்தச் சொட்டிலிருந்து மரபணுவைப் படித்தார்கள். 2015இல் வெளியான முடிவு: ஆராய்ந்த 23 வகை மலைப்பறவைகளில் 10 வகைகள் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு மரபணு, தெற்கே வேறு மரபணு என்று பிரிந்திருந்தன. அந்தப் பத்தில் சிலவற்றிடம் மட்டும், இதைவிடக் குறுகலான, ஆழம் குறைந்த பள்ளத்தாக்குகளின் இரு பக்கமும் பிரிவு தெரிந்தது. பள்ளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பறவைகள் பிரிந்திருக்கின்றன. எனக்கு இதில் பிடித்ததே மீதி 13 வகைகள்தான். அதே மலை, அதே பள்ளம், ஆனாலும் பிரியவில்லை. பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுவதும் பயப்படாததும் அந்தந்தப் பறவையின் குணம்.

பழனியிலிருந்து பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் ஏறினோம். மலைச்சாலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, வளைவுகள் இருந்தன, வாந்தி வரவில்லை.

மறுநாள் காலை பாம்பே சோலை. ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு காடு மிச்சம் இருப்பது கொடைக்கானலின் அதிர்ஷ்டம். இங்கேயும் அதே கெக்கலிப்பு, ஆனால் சுருதி கொஞ்சம் வேறு. பழனி சிரிப்பான் சீக்கிரமே வந்தது, கூச்சமே இல்லை, ஒரு விடுதி வேலி மேல் உட்கார்ந்து என்னைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தது. வெள்ளைப் புருவம் இருக்கிறது. வயிற்றில் செம்பழுப்பு இருக்கிறது. கறுப்புத் தாடையை மட்டும் காணோம்! தொண்டையும் மார்பும் சாம்பல், அதில் மெல்லிய கீற்றுகள். சோலக்கிளிக்கு மாலை வரை காத்திருந்தேன். ஓடைக்கல் மேல் வந்து நின்றபோது விலாவைத்தான் முதலில் பார்த்தேன். செங்கல் நிறம் சுத்தமாக இல்லை. விலா மங்கலான கருநீலம், வயிறு வெள்ளை, நெற்றியில் ஒரு வெள்ளைக்கோடு.

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் சட்டென்று ஒரு வார்த்தையைப் போட்டுவிடும்: தகவமைப்பு. சூழலுக்கு ஏற்ப மாறிவிட்டது என்று. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஊட்டிச் சோலையும் கொடைக்கானல் சோலையும் கிட்டத்தட்ட ஒரே காடு. அதே குளிர், அதே மழை, பெரும்பாலும் அதே மரங்கள். கொடைக்கானல் குளிருக்கு வெள்ளை வயிறுதான் தேவை, ஊட்டிக் குளிருக்குச் செங்கல் விலாதான் தேவை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். அம்மாவிடம் ஒரே குழம்பைக் கற்றுக்கொண்ட அக்காவும் தங்கையும் வேறு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டால், பேத்தி காலத்தில் இரண்டு குழம்பும் வேறாகிவிடும். யாரும் திட்டம் போட்டு மாற்றியதில்லை. மரபணுவிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் சின்னச் சின்னப் பிழைகள் நுழைகின்றன. கூட்டம் சிறியதாக இருந்தால் அதில் ஏதோ ஒன்று தற்செயலாகப் பரவி நிலைத்துவிடும். இணை தேடும்போது பாட்டும் நிறமும் வேலை செய்யும். இரு பக்கமும் கலக்க வழியில்லாதபோது, ஒரு பக்கத்துப் பிழை மறுபக்கம் போகாது. சூழல் மாற்றியதைவிடப் பிரிவு மாற்றியதே இங்கே அதிகம்.

இந்தப் பறவைகளுக்குப் பெயர் வைத்த கதையும் சுவாரசியமானது. நீலகிரி சிரிப்பானை ஜெர்டன் என்ற பிரிட்டிஷ் பறவையியலாளர் 1839இலேயே விவரித்துவிட்டார். பழனி மலையில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் சேகரித்த பறவைகளை வைத்து பிளான்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1860களின் கடைசியில் பழனிச் சிரிப்பானையும் வெள்ளை வயிற்றுச் சோலக்கிளியையும் விவரித்தார். சிரிப்பானுக்கு அந்தப் பாதிரியாரின் பெயரே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டாக இந்த நீலப்பறவையை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு பேரினமாக (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2017இல் ராபின் குழு மரபணுவைப் பார்த்துவிட்டு, நீல ஈப்பிடிப்பான்களுக்குத்தான் இவை நெருக்கம், ஆனாலும் எவற்றோடும் சேராத தனிக் கிளை என்று சொல்லி ஷோலிகோலா என்ற புதுப் பேரினத்தை உருவாக்கியது. சிரிப்பான்களுக்கும் மான்டெசின்க்ளா என்று தனிப் பேரினம். இரண்டுமே இந்த மலைகளில் மட்டும் உள்ளவை. அதே கட்டுரையில் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் வாழும் சோலக்கிளியும் தனி இனம் என்று அறிவித்தார்கள். நம் திருநெல்வேலி மலையில், 2017 வரை தனிப் பெயர் இல்லாத ஒரு பறவை!

பாம்பே சோலையிலிருந்து வெளியே வந்தால் சீகை மரங்களும் தைல மரங்களும் விடுதிகளும்தான். பழனிச் சிரிப்பானுக்கு அதனால் பெரிய சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை, தோட்டத்திலும் மேய்கிறது. சோலக்கிளி அப்படி இல்லை, நிழல் விட்டு நிழல் போகும் பறவை. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் போட்ட பள்ளத்துக்கு மேல், தேயிலைக்கும் மரத்தோட்டத்துக்கும் காட்டை வெட்டி நாம் சில தலைமுறைகளில் போட்ட பள்ளமும் இப்போது இந்தப் பறவைகளின் மரபணுவில் தெரிய ஆரம்பித்துவிட்டது. பழைய பிரிவு புதுப் பறவைகளைத் தந்தது. புதுப் பிரிவு தரப்போவது நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேரும் நோஞ்சான் கூட்டங்களைத்தான்.

திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி. நான்குவழிச் சாலையில் தூங்கிவிட்டேன்.

கூந்தன்குளத்துக்குப் போனது வேறொரு பறவைக்காக. நாங்குநேரிப் பக்கம், சுற்றிலும் பொட்டல்வெளி, நடுவில் குளம், குளத்தை ஒட்டி ஊர். வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். அவற்றுக்காக ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி, எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் போவுதுல்லா, உரமே வேண்டாம்" என்றார். தண்ணீர் ஓரத்தில் நான் தேடி வந்தவை நின்றிருந்தன: வரித்தலை வாத்துகள். வெளிர் சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள், ஆரஞ்சு அலகு. ஒன்று கழுத்தை நீட்டிக் காவல் பார்க்க, மற்றவை புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற இனம் இது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை போனது பதிவாகியிருக்கிறது. அங்கே காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. மலையேறுபவர்கள் ஓர் அடி வைக்க மூச்சு வாங்கும் உயரத்தில் இது இறக்கை அடித்துப் போகிறது. எப்போதும் அவ்வளவு உயரத்தில் பறப்பதும் இல்லை, மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே போகிறது. அதுதான் குறைந்த செலவாம்.

தகவமைப்பு என்ற வார்த்தையை இங்கே தாராளமாகப் போடலாம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம்; அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகளால் ஆனது. இந்த வாத்தின் ஆல்ஃபா சங்கிலியில் 119ஆவதாகப் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் இருக்கிறது. தாழ்வான இடங்களிலேயே வாழும் சாம்பல் வாத்துக்கு அங்கே புரோலின்தான். ஒரே ஓர் எழுத்துப்பிழை மாதிரி மாற்றம், ஆனால் அதனால் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி இளகி, ஹீமோகுளோபின் ஆக்சிஜன் குறைந்த காற்றிலிருந்தும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை வாத்துக்கும் இதே திறமை உண்டு, ஆனால் அங்கே மாறியிருப்பது பீட்டா சங்கிலியின் 55ஆவது இடம். இருவரும் வேறு வழியில் போய் ஒரே பலனைப் பெற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மாற்றம் தற்செயலாகத் தோன்றலாம், ஆனால் மெல்லிய காற்று அதைச் சலித்துச் சலித்து எடுத்துத்தான் நிலைக்க வைத்திருக்கும். சோலக்கிளியின் விலா நிறம் நிலைத்தது வேறு விதம், இது வேறு விதம். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க முடிந்ததற்காகத்தான் இவ்வளவு டீசல்.

அண்ணன் பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதுங்க இமயமலையையே தாண்டி வருதுங்க. அதுங்க பொள்ளாச்சிய தாண்ட மாட்டேங்குதுங்களே" என்றார். இந்த வாத்துக்கு அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், கிளம்பாவிட்டால் பட்டினி என்றேன். சிரிப்பானுக்குக் கீழே இறங்க என்ன அவசியம்? வருஷம் முழுக்க மேலேயே சாப்பாடு கிடைக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: கூந்தன்குளம் திருநெல்வேலியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். வாத்துக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது, நாரைக் குஞ்சுகளைப் பார்க்க அதற்குப் பிறகு போகலாம். காலை ஏழு மணிக்குள் கரையில் இருங்கள், வெயில் ஏறினால் தண்ணீர் கண்ணைக் கூசும். கேர்ன் ஹில்லிலும் பாம்பே சோலையிலும் பாட்டைப் பதிவு செய்து ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்காதீர்கள், சோலக்கிளி தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று பதறித் தவித்துவிடும். அகத்தியமலைச் சோலக்கிளிக்கு வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அதற்கு நான் இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும்.