அத்தை ஏற்காட்டில், நான் அம்மாப்பேட்டையில்

2020 ஆவணியில் நடந்தது. சிங்கப்பூர் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு ஆன்லைனில் ஒரு மணி நேரக் கச்சேரி. பாட்டு ஏற்காட்டில் இருந்து அத்தை. மிருதங்கம் சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து நான். நடுவில் 30 கிலோமீட்டர்தானே என்று இருந்துவிட்டோம்.

ஒத்திகையில் அத்தை ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனையை நல்ல விறுவிறுப்பாக எடுத்தார். அனுபல்லவியிலேயே வேகம் தொய்ந்தது. சரணத்தில், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் முதல் கியரிலேயே ஏறும் பஸ் மாதிரி முனகிக்கொண்டிருந்தோம்.

“ஏன்டா இப்படி இழுக்கற?”

“நீங்கதான் அத்தை இழுக்கறீங்க!”

இருவர் மேலும் தப்பில்லை. அவர் பாடுவது எனக்கு வந்து சேர ஒரு 150 மில்லிசெகண்ட், நான் வாசிப்பது அங்கே போய்ச் சேர அதே அளவு என்று வையுங்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் இது 50 மீட்டர். அத்தை தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்து பாட, நான் வீட்டுத் திண்ணையில் வாசிக்கிற கதை. அவருக்காக நான் நிற்க, எனக்காக அவர் நிற்க, தாளம் எங்கே ஓடும்? போதாக்குறைக்கு அத்தை காதில் ப்ளூடூத் வேறு. அதன் தாமதம் தனி.

இதற்கு நடுவே சுருதியைக் காணோம். அங்கே சுருதிப்பெட்டி கணீரென்று ஓடுகிறதாம், எனக்குத் துளிகூட வரவில்லை. ஒரே சீராக வரும் ஒலியை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து வீடியோ கால் செயலி துடைத்துவிடுகிறது. “என் சுருதி அதுக்கு ஃபேனா?” என்று அத்தை பொங்கிவிட்டார்.

அமைப்புகளில் தேடி ‘ஒரிஜினல் சவுண்ட்’டை அழுத்தச் சொன்னேன். சுருதி வந்தது. நானும் அழுத்தினேன். அதுவரை அமுங்கிக் கிடந்த கும்கி, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் எழும் கனத்த நாதம், தெளிவாகக் கேட்டது. கூடவே பக்கத்து வீட்டு விசைத்தறியும்.

கடைசியில் அத்தை முன்கூட்டியே பாடிப் பதிவு செய்து அனுப்பிவிட்டார். வளைகாப்பு அன்று அதை ஓடவிட்டு, கூடவே நேரலையில் வாசித்தேன். தறியை நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை, அப்போதுதான் அவர்களுக்கு மறுபடி வேலை வந்திருந்தது.

முடிந்ததும் சிங்கப்பூர் பெரியப்பா கேட்டார்: “கூட கஞ்சிரா யாருப்பா? காலப்பிரமாணம் அசையவே இல்லையே!”

தறிக்கார அண்ணனிடம் சொன்னேன். “அப்ப என் பங்குச் சன்மானம் எங்கே?” என்றார்.