சந்தா செயலியையும் மெயிலையும் இணைத்த மூன்று வாரம்

கோவையில் எங்கள் குடும்பம் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறது. கடைக்கு வந்து வாங்குபவர்கள் போக, இணையத்தில் மாதச் சந்தா கட்டி வீட்டுக்கே தூள் வரவழைப்பவர்கள் முந்நூறு பேருக்குக் கொஞ்சம் மேல். அவர்கள் கணக்கை ஒரு சந்தா செயலி பார்த்துக்கொள்கிறது. மெயில் அனுப்புவது வேறொரு தளம். இரண்டுக்கும் நடுவில் ஆள் நான்தான். வெள்ளிக்கிழமைதோறும் செயலியிலிருந்து பட்டியலை எக்செல்லில் இறக்கி, மெயில் தளத்தில் ஏற்றுவேன்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, திருச்சியிலிருந்து ஓர் அம்மா சந்தாவை நிறுத்தினார். மறுநாள் காலை ‘உங்கள் தூள் நாளை வறுபடுகிறது’ என்று எங்கள் மெயில் அவருக்குப் போய்விட்டது. நான் ஏற்றியிருந்தது வெள்ளிக்கிழமைப் பட்டியல். அவரே போன் செய்தார். கோபமே இல்லாத குரல். “காபி குடிக்கிறவர் போயிட்டார் தம்பி, இனிமே அனுப்ப வேண்டாம்” என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி எக்செல் வேண்டாம், இரண்டையும் நேரடியாக இணைத்துவிடுவது என்று.

இணைக்க ஆனது பத்து நிமிடம். மெயில் தளத்தில் ஓர் ஏபிஐ கீ, அதாவது ஒரு செயலி இன்னொன்றுக்குள் நுழைய உதவும் நீளமான ரகசிய எழுத்துக்கோவை, உருவாக்கி, செயலியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். கீ இரண்டு வகை. பப்ளிக் கீ இணையதளப் பக்கத்தில் வெளியே தெரிந்தாலும் பாதகமில்லை. பிரைவேட் கீ வாடிக்கையாளர் விவரங்களைத் திறக்கும் சாவி. இங்கே தேவைப்படுவது அதுதான். வேண்டிய அனுமதிகளை மட்டும் அதற்குக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். மீதி மூன்று வாரமும் போனது இதற்கு அப்புறம் வந்த வேலைகளில்.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், கீயை ஒட்டும் முன்பே ஒன்று சொன்னான்: “தானாப் போற மெயிலை எல்லாம் முதல்ல நிறுத்தி வை அண்ணா.” அவன் சொன்னதன் அருமை இணைத்தவுடன் தெரிந்தது. செயலி தன்னிடமிருந்த பழைய வரலாறு முழுவதையும் மெயில் தளத்துக்குத் தள்ளியது. மூன்று வருடமாக வாங்குபவர்கள்கூட அங்கே ‘சந்தா தொடங்கியது’ என்று வரிசையாக வந்து விழுந்தார்கள். வரவேற்பு மெயில் ஓடிக்கொண்டிருந்தால் அத்தனை பேருக்கும் போயிருக்கும்.

மெயில் தளத்துக்கு இரண்டு விதமான தகவல் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒன்று நிகழ்வு. சந்தா தொடங்கியது, பணம் எடுக்கப்பட்டது, பணம் எடுக்க முடியவில்லை, சந்தா நிறுத்தப்பட்டது என்பவையெல்லாம் நிகழ்வுகள். நடந்தது நடந்ததுதான், மாறாது. இன்னொன்று நிலை. இவர் இப்போது சந்தாவில் இருக்கிறாரா, எந்தத் தூள், அடுத்த தேதி என்ன என்பது நாளுக்கு நாள் மாறும். மெயிலைக் கிளப்பிவிடுவது நிகழ்வு. கிளம்பிய மெயில் போகலாமா கூடாதா என்று கடைசி நொடியில் பார்க்க வேண்டியது நிலையை. திருச்சி அம்மாவுக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக்கூடாது என்றால் இந்த நிலை எப்போதும் சரியாக இருந்தாக வேண்டும்.

அது சரியாக இல்லை. என் பெயரிலேயே ஒரு சந்தா தொடங்கி, பணம் கட்டி, உடனே நிறுத்திப் பார்த்தேன். செயலியில் ‘நிறுத்தப்பட்டது’ என்றிருந்தது. மெயில் தளத்தில் நான் இன்னும் சந்தாதாரன். இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் பிடிபட்டது. செயலி தன் சேதிகளை வெப்ஹுக் வழியாக அனுப்புகிறது. அதாவது, ஒன்று நடந்தவுடன் எதிர்த் தளத்தின் கதவைத் தட்டிச் சொல்கிறது. பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி தட்டுகிறது. அதனால் ஒரே சேதி இரண்டு முறை வரலாம், முதலில் நடந்தது பிந்தியும் வரலாம். என் விஷயத்தில் ‘பணம் எடுக்கப்பட்டது’ முதல் தடவை போய்ச் சேரவில்லை. ‘நிறுத்தப்பட்டது’ போய்ச் சேர்ந்தது. அப்புறம் பழைய சேதி இரண்டாம் தடவையாக வந்து, நிலையை மறுபடி ‘சந்தாவில் இருக்கிறார்’ என்று மாற்றிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு மனசு விட்டுப்போனது. தம்பிதான் உட்கார்ந்து நடுவில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தான். செயலியின் ஆயத்த இணைப்பில் நிலையை எழுதும் பகுதியை மட்டும் அணைத்துவிட்டோம். வரும் சேதி உண்மையில் செயலியிடமிருந்துதான் வருகிறதா என்று அதிலுள்ள கையொப்பத்தை வைத்து இந்த புரோகிராம் சரிபார்க்கும். ஒவ்வொரு சேதிக்கும் ஓர் எண் உண்டு; ஏற்கெனவே வந்த எண் என்றால் ஒதுக்கிவிடும். முக்கியமானது மூன்றாவது: சேதியில் உள்ள நிலையை அது நம்புவதே இல்லை. சேதி வந்தவுடன் செயலியிடம் திரும்பப் போய், ‘இந்தச் சந்தா இப்போது எப்படி இருக்கிறது’ என்று கேட்டு, அந்தப் பதிலை எழுதும். வரிசை மாறி வந்தாலும் கவலையில்லை. நாலைந்து முறை நிறுத்தியும் தொடங்கியும் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

சோதனையில் இன்னும் சில அகப்பட்டன. செயலி தொகையைப் பைசாவில் அனுப்புகிறது, அதனால் ₹450 சந்தா மெயிலில் ₹45,000 என்று நின்றது. நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் தருகிறது; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 5-ம் தேதி அதிகாலை 2 மணிக்கு எடுத்த பணம் மெயிலில் 4-ம் தேதி ஆகிவிடும். இரண்டையும் இந்த புரோகிராமிலேயே மாற்றிக்கொண்டோம்.

அடுத்தது சம்மதம். இணைப்பின் ஒரு கட்டம் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது: சந்தா எடுக்கும் எல்லோரையும் விளம்பர மெயில் பட்டியலில் சேர்ப்பது. எடுத்துவிட்டேன். தூள் வாங்குவது ஒன்று, எங்கள் தள்ளுபடி மெயிலைப் படிக்கச் சம்மதிப்பது வேறு. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விளம்பரம் வேண்டாம் என்று விலகியவருக்கும் ‘உங்கள் பணம் எடுக்க முடியவில்லை’ என்ற மெயில் போயாக வேண்டும். மெயில் தளம் சாதாரணமாக அதையும் தடுத்துவிடும். பணம், டெலிவரி சம்பந்தப்பட்ட மெயில்களைப் பரிவர்த்தனை மெயில் என்று தனியாகக் குறித்தால்தான் போகும். அப்படிக் குறித்த மெயிலில் ஒரு வரிகூட விளம்பரம் வைக்கக் கூடாது.

கார்டிலிருந்து மாதாமாதம் தானாக எடுக்கும் பணத்துக்கு, எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துப் பயந்துபோய்ப் போன் செய்தவர்கள் உண்டு. அதனால் மூன்று நாள் முன்பே எங்கள் மெயில் போகும்படி வைத்தேன்: எந்தத் தூள், எவ்வளவு, எந்தத் தேதி, ‘இந்த மாதம் வேண்டாம்’ என்று ஒரு பட்டன். பணம் எடுக்க முடியாமல் போனால் காரணத்தைப் பார்த்து மெயில் பிரியும். கார்டு காலாவதி என்றால் உடனே புதுக் கார்டு சேர்க்கும் லிங்க். கணக்கில் பணம் போதவில்லை என்றால் ஒரு நாள் பொறுக்கும். செயலியே மறுபடி முயலும், பணம் வந்துவிட்டால் மெயிலே போகாது. வங்கியில் ஆட்டோபேயை அவரே ரத்து செய்திருந்தால் ஒரே ஒரு மெயில், அதோடு சரி.

டொமைன், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் எங்கள் பெயர், அதில் செய்த வேலையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் டொமைனில் அலுவலக மெயிலுக்காக ஏற்கெனவே ஓர் எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருந்தது. எங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் குறிப்பு அது. மெயில் தளத்துக்கென்று இரண்டாவதைச் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சரிபார்ப்பே தோற்றுப்போகும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிய பிறகுதான் மெயில் ஸ்பாமில் விழுவது நின்றது. டிகேஐஎம் (மெயிலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சரிபார்ப்பில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் குறிப்பு) இரண்டையும் அப்போதே போட்டுவிட்டேன். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹுவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் இவற்றைக் கேட்கின்றன. நாங்கள் அனுப்புவது கொஞ்சம்தான், இருந்தாலும் போட்டுவைப்பது நல்லது.

ஆவணி பிறந்த பிறகு மெயில்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு நாள் இடைவெளி. கடைசியாக மிஞ்சியது சந்தாவை நிறுத்தியவருக்குப் போகும் மெயில். தளம் தந்த மாதிரியில் ‘ஏன் போகிறீர்கள்?’ என்ற கேள்வியும், திரும்பி வந்தால் தள்ளுபடி என்ற வரியும், ஒரு வாரம் கழித்து இன்னொரு மெயிலும் இருந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது போவது இவ்வளவுதான்: ‘உங்கள் சந்தா நிறுத்தப்பட்டது. இனிப் பணம் எடுக்கப்படாது. இத்தனை நாள் எங்களிடம் வாங்கியதற்கு நன்றி.’ கீழே கடையின் போன் நம்பர்.