சீவாளி சரியில்லேன்னா விரல் என்ன செய்யும்?

கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாகஸ்வரம் வாசிக்கக் கிளம்பும் தம்பிமார் விரலைத்தான் பழகுறாங்க. பாதி வேலை சீவாளியில, அதாவது வாயில வச்சு ஊதுற நாணல் துண்டுல இருக்கு.

காய்ஞ்ச சீவாளியை அப்படியே ஊதினா பிளந்துடும். எச்சில்ல நனைச்சு, இளகினதும் ஊசியால வாயைத் திறந்து பாருங்க. திறப்பு அகலமானா மூச்சு வீணாகும். ஒட்டிக்கிட்டா சத்தமே அடைக்கும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஈரக்காத்துல சீவாளி சீக்கிரம் தளரும். பழகின சீவாளி நாலஞ்சாவது நாகஸ்வரத்துல தொங்கணும். புதுசை மேடையில சோதிக்கிறது வம்பு.

விரல் துளை 7. கீழே உள்ள 5 துளையில மெழுகு வச்சு சுருதியைத் திருத்தலாம். ஆனா ஸ்வரத்தை அசைச்சு இழைக்கிற கமகம் பிறக்கிறது விரல், உதடு, மூச்சு மூணும் சேர்ந்தாத்தான். உதடு களைச்சா முதல்ல போறது சுருதி. அதனால சுருதிப்பெட்டியோட ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற பயிற்சி தினமும் வேணும்; கீர்த்தனை அப்புறம்.

நாட்டுப்புற ஆட்டத்துக்கு வாசிக்கிற நையாண்டி மேளத்துல வேகம் இருந்தா சமாளிக்கலாம். சுசீந்திரம் மாதிரிக் கோயில் புறப்பாட்டுக்கு அது காணாது, கம்பீரநாட்டை ராகத்துல சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி தவிலோடு காலப்பிரமாணம், அதாவது தாளத்தோட ஒரே நடை, தப்பாம நிக்கணும்.

வாசிச்சு முடிச்சதும் சீவாளியை ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, பூசணம் பிடிக்கும்.