மூன்று வாரம் பார்த்த அந்தச் சின்னப் படி

சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பிளாட்டினத்தையும் கோபால்ட்டையும் மாற்றி மாற்றி அடுக்குவதுதான் வேலை. ஸ்பட்டரிங் இயந்திரத்துக்குள் ஆர்கான் அயனிகள் உலோகத் தட்டில் மோதும். பெயர்ந்து வரும் அணுக்கள் சிலிக்கான் துண்டின் மேல் படியும். 1 நானோமீட்டர் பிளாட்டினம், 0.6 நானோமீட்டர் கோபால்ட், இப்படி ஐந்து ஜோடி. 0.6 நானோமீட்டர் என்றால் மூன்றே அணு அடுக்கு.

கோபால்ட் தடிமனாக இருந்தால் அதன் காந்தம் படலத்தோடு படுத்துக்கொள்ளும். பிளாட்டினத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோபால்ட் அணுக்கள்தான் அதை நிமிர்த்தி நிறுத்துகின்றன. அடுக்கு மெலிய மெலிய அவற்றின் கை ஓங்கும். தடிமன் ஒரு நானோமீட்டரைக் கொஞ்சம் தாண்டிப் போனால் மறுபடி படுத்துவிடும். எலக்ட்ரானின் சுழற்சியைப் பயன்படுத்தும் ஸ்பின்ட்ரானிக்ஸ் நினைவகங்களுக்கு நிமிர்ந்த காந்தம்தான் வேண்டும், சின்ன இடத்தில் ஒரு பிட் நிலையாக நிற்க. 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டின் குழுவும் பீட்டர் குருன்பெர்க்கின் குழுவும் இரும்பு, குரோமிய அடுக்குகளில் மாபெரும் காந்தத்தடையை, அதாவது காந்தப்புலத்தால் மின்தடை வெகுவாக மாறுவதை, கண்டார்கள். 2007இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அந்தப் பரம்பரையில் வந்த வேலை என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு, இன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செய்த துண்டுகளை வி.எஸ்.எம். கருவியில் அளப்போம். மாதிரியைக் காந்தப்புலத்துக்குள் அதிரவைத்தால் பக்கத்துச் சுருள்களில் மின்னழுத்தம் பிறக்கும்; அதிலிருந்து, புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் எப்படித் திரும்புகிறது என்று காட்டும் காந்தத் தயக்க வளையத்தை வரையலாம். என் வளையம் சதுரமாக, அழகாக வந்தது. ஆனால் புலம் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் படி, மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஓர் அடுக்கு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாகத் திரும்புகிறது என்று முடிவுகட்டினேன். பிளாட்டினத்தின் தடிமனை மாற்றினேன், படி கொஞ்சம் மாறியது. இன்னொரு முறை செய்தேன், வேறு மாதிரி மாறியது. மூன்று வாரம் இப்படியே போனது. விளக்கம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். கேன்டீனில் தே ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், குடித்துக்கொண்டே கெர் கருவியைப் பற்றிக் கேட்டார். படலத்தில் லேசரைப் பட்டுத் திரும்பவைத்துக் காந்தத்தை அளக்கும் கருவி அது.

"தம்பி, கெர்ல பாத்தியா?"

"பாத்தேண்ணே. அதுல படி வரல."

"லேசர் எங்க விழுது?"

"துண்டுக்கு நடுவுல."

"வி.எஸ்.எம். எதப் பாக்குது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. வி.எஸ்.எம். முழுத் துண்டையும் பார்க்கிறது, ஓரங்களோடு சேர்த்து.

"எதால பிடிச்ச?"

எஃகு இடுக்கியால். முதல் நாளிலிருந்தே அதே இடுக்கி.

அன்று மாலை கணக்குப் போட்டேன். 4 மில்லிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றில் இருக்கும் மொத்தக் கோபால்ட்டின் எடை ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம். அதன் காந்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தர 0.03 மைக்ரோகிராம் இரும்பு போதும். உருட்டிப் பார்த்தால் 20 மைக்ரோமீட்டர் குறுக்களவு, தலைமுடியை விட மெல்லியது. சிலிக்கான் கூரான பொருள். அதன் ஓரத்தில் எஃகு உரசினால் அவ்வளவு ஒட்டிக்கொள்வது பெரிய காரியமே இல்லை.

கணக்கு மட்டும் போதாது என்று அண்ணன்தான் சொன்னார். எதுவும் படியாத வெறும் சிலிக்கான் துண்டு ஒன்றை எடுத்து, அதே இடுக்கியால் பத்துத் தடவை தூக்கி வைத்துவிட்டு அளக்கச் சொன்னார். சிலிக்கான் டயாகாந்தப் பொருள், புலத்துக்கு எதிர்த்திசையில் மிக லேசாக மட்டும் காந்தமாகும். சரிவான நேர்கோடு மட்டும்தான் வர வேண்டும். கோட்டைக் கழித்தேன். திரையில் அதே சின்னப் படி, என் மூன்று வாரப் படி, மெதுவாக எழுந்து வந்தது. கோபால்ட்டே இல்லாத துண்டில்.

மறுநாள் பிளாஸ்டிக் இடுக்கி வந்தது. புதுத் துண்டு செய்து அளந்தேன். படி இல்லை. சதுர வளையம் மட்டும்.

முன்பு படி மாறி மாறி வந்ததற்கும் காரணம் தெரிந்தது: ஒவ்வொரு துண்டையும் நான் எத்தனை முறை தூக்கினேனோ, அதைப் பொறுத்து. எழுதிய விளக்கத்தை அழித்தேன். அந்த வெறும் சிலிக்கானின் அளவீட்டை மட்டும் அழிக்கவில்லை. புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் திறந்து காட்டுகிறேன், எந்தத் துண்டு என்று சொல்லாமல். "எத்தனை கோபால்ட் அடுக்கு?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒன்று என்பார்கள்.