பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை: பழைய புல்லட்டின் க்ளட்ச்

என் 1978 புல்லட் 350-க்கு க்ளட்ச்சில் ஒரே நேரத்தில் இரண்டு நோய். சிக்னலில் க்ளட்ச் பிடித்து முதல் கியரில் நின்றால் வண்டி தானாக முன்னால் ஊர்கிறது, நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. அதே வண்டி ஏலகிரி மலையேறும்போது மூன்றாவது கியரில் முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறுவதில்லை. அதாவது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் க்ளட்ச் பிளேட்டுகள் முழுசாகப் பிரியவும் இல்லை, முழுசாகச் சேரவும் இல்லை. கேபிளை இறுக்கினால் மலையில் வழுக்கல் கூடியது. தளர்த்தினால் சிக்னலில் இழுப்பு கூடியது. இப்படி இரண்டு பக்கமும் இடித்தால் கோளாறு கேபிளில் இல்லை, உள்ளே இருக்கிறது.

பழைய புல்லட்டுகளையே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் சொன்னேன். "தம்பி, கேபிளை விடு. கவரைக் கழட்டிட்டு, க்ளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா மிதி. பிரஷர் பிளேட் ஆடுதான்னு பாரு" என்றார். "ஆடினா என்னண்ணே?" என்றேன். "ஆடினா ஸ்பிரிங்கைப் பாரு."

பிரஷர் பிளேட் என்பது ஸ்பிரிங் பலத்தில் மற்ற பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் தட்டு. இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இந்த வண்டியில் கிக்கர் நேராக இன்ஜினைச் சுற்றுவதில்லை. கியர்பாக்ஸைச் சுற்றி, க்ளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. அதனால் க்ளட்ச்சைப் பிடித்து மிதித்தால் பிளேட்டுகள் மட்டும் சுற்ற வேண்டும். இன்ஜினும் சேர்ந்து சுற்றினால் பிளேட் பிரியவில்லை என்று அர்த்தம். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் க்ளட்ச்சைப் பிடித்து சில மிதி மிதித்தால், எண்ணெயில் ஒட்டிய பிளேட்டுகள் விட்டுவிடும். முதல் கியர் 'டமார்' என்று விழாது.

இடது ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் கழற்றி, அடியில் ட்ரே வைத்துவிட்டு, க்ளட்ச்சை மூடியிருக்கும் பிரைமரி கவரின் நடுவில் உள்ள ஒற்றை நட்டைத் திறந்தேன். இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை காலத்து ஏற்பாடு, சென்னை திருவொற்றியூர் ஆலை வண்டிகளிலும் அப்படியே தொடர்ந்தது. மிதித்துப் பார்த்தால் பிரஷர் பிளேட் நன்றாகவே ஆடியது. ஒரு பக்கம் பளிச்சென்று இடைவெளி விடுகிறது, எதிர்ப்பக்கம் அசையவே இல்லை.

ஸ்பிரிங் மொத்தம் மூன்றுதான். வெர்னியரில் அளந்ததில் இரண்டு ஒரே நீளம், மூன்றாவது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் குட்டை. என் இரண்டு நோய்க்கும் காரணம் இதுதான். தளர்ந்த பக்கம் முதலில் தூக்கிக்கொள்ள மற்ற பக்கம் பிளேட்டுகளை விடுவதில்லை; அது இழுப்பு. மொத்த அழுத்தமும் குறைந்துவிட்டதால் ஏற்றத்தில் வழுக்கல். வேறு சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஸ்பிரிங் நட்டைத் திருகியே சமன் செய்யலாம். இங்கே உள்ளே இடைவெளியை நிர்ணயிக்கும் சின்னக் குழாய் (டிஸ்டன்ஸ் ட்யூப்) இருப்பதால் மூன்று ஸ்க்ரூவும் கடைசி வரை இறுக வேண்டும். பாதியில் நிறுத்திச் சமன் செய்யப் பார்த்தால் ஓட்டத்தில் கழன்றுவிடும். ஆகவே மூன்று ஸ்பிரிங்கையும் சேர்த்தேதான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பிளேட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்று கிண்ணம் மாதிரி வளைந்திருந்தது. பிளேட்டுகளைத் தாங்கும் டிரம்மின் காடிகளில், பிளேட்டின் காது உட்காரும் இடத்தில், விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். பிளேட் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு நகராது, இழுப்புக்கு இதுவும் காரணம். மெல்லிய அரத்தால் விளிம்பை மட்டும் சமன் செய்தேன். அதிகம் தேய்த்தால் காதுக்கும் காடிக்கும் லூஸ் விழுந்து கடகடக்கும்.

பிரஷர் பிளேட்டைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை உருவியபோது முனை நீலம் பாய்ந்து, அகன்றுபோயிருந்தது. ஃப்ரீ ப்ளே (அழுத்தம் தொடங்கும் முன் இருக்க வேண்டிய சின்னத் தளர்வு) இல்லாமல் ஓடிய ராடு. எப்போதும் அழுத்தத்தில் உரசி, சூடேறி, கடினம் போய்விட்டது. எனக்கு முன்னால் யாரோ இழுப்பைக் குறைக்கக் கேபிளை முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ராடு, ஸ்பிரிங், பிளேட் எல்லாம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தன.

மாட்டிய பிறகும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருந்தது. ஸ்பிரிங்குகளை இடம் மாற்றி, ஒன்றின் கீழ் மெல்லிய வாஷர் கொடுத்ததும் நேரானது.

அட்ஜஸ்ட்மென்டில் வரிசை முக்கியம். முதலில் கேபிள் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்த வேண்டும். பிறகு வலப்பக்கம் கியர்பாக்ஸ் கவரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, லாக் நட்டை விட்டு, ஸ்க்ரூவை புஷ் ராடு தொடும் வரை திருகினேன். தொட்டதும் அரைச் சுற்று பின்வாங்கி லாக் செய்தேன். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில்தான் கேபிள். ரெட்டிச் கையேடு சொல்லும் அளவு 1/16 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளே. ஓட்டிச் சூடான பின் மறுபடி பார்த்துக்கொண்டேன்.

எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது, கண்டதையும் ஊற்றவும் கூடாது. கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் புது பிளேட்டும் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (எண்ணெயில் நனையும் பைக் க்ளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக் குறியீடு) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, லெவல் ப்ளக் வரை மட்டும் ஊற்றினேன்.

இப்போது சிக்னலில் இரண்டாவது கியரிலிருந்து லீவரை விரல் நுனி அளவு அசைத்தாலே நியூட்ரல். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பின்னால் ஆள் வைத்து ஏறிப் பார்த்தேன். முறுக்கிய அளவுக்கு வண்டி போகிறது. பிரைமரி கவரின் ரப்பர் சீல் பழசு, அடியில் சொட்டுகிறது. நடு நட்டை மேலும் இறுக்கினால் கவர்தான் வளையும், அதனால் சீல் வாங்கியிருக்கிறேன். அதை மாற்றும்போது பிரைமரி செயின் டென்ஷனரையும் பார்க்க வேண்டும்.