கூட்டம் பார்க்கும்போது கை ஏன் தடுமாறுகிறது?

ரசிகர்கள் கத்தினால் உற்சாகம் வரும், உற்சாகம் வந்தால் ஆட்டம் மேம்படும் என்று பலரும் நம்புகிறோம். இது பாதிதான் உண்மை. கூட்டம் யாருக்கும் புதிதாக எதையும் கற்றுத் தருவதில்லை. உடம்பில் ஏற்கனவே எது ஊறியிருக்கிறதோ அதைத்தான் வெளியே இழுத்துப் போடுகிறது. நல்ல பழக்கம் ஊறியிருந்தால் நல்ல அடி, கெட்ட பழக்கம் என்றால் அதுவும் கூடுதல் வேகத்தோடு.

1965-ல் உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான். 1982-ல் வெளியான ஓர் ஆய்வு இதை 'பூல்' எனும், மேசைமீது கோலால் பந்தைத் தள்ளிக் குழியில் விழவைக்கும் ஆட்டத்தில் அழகாகக் காட்டியது. நான்கு பேர் அருகே வந்து நின்று பார்த்தபோது, நன்றாக ஆடுபவர்களின் துல்லியம் 71 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏறியது. சுமாராக ஆடுபவர்களுக்கு 36-லிருந்து 25-க்குச் சரிந்தது. பார்த்தவர்கள் நான்கே பேர் என்பதைக் கவனியுங்கள். அரங்கம் நிறைந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தேர்ந்த வீரர்கள் ஏன் கால்பந்துப் பெனால்டியைக் கோட்டை விடுகிறார்கள்? சிக்கல் கவனம் போகும் திசையில் இருக்கிறது. பழகிய அசைவு தானாக ஓடும். 'எல்லோரும் பார்க்கிறார்கள்' என்ற நினைப்பு வந்ததும் வீரர் தன் மணிக்கட்டையும் முழங்காலையும் கண்காணிக்கத் தொடங்குகிறார். ஒரே ஓட்டமாக இருந்த அசைவு துண்டு துண்டாகிறது, தசை இறுகுகிறது, பந்து குட்டையாக விழுகிறது. ஆதரவுக் கூட்டமும் இதைச் செய்யும். ஜெர்மன் லீக் பெனால்டிகளை ஆராய்ந்தபோது, சொந்த மைதானத்தில் உதைத்தவர்களே அதிகம் தடுமாறியது தெரியவந்தது. எதிர்பார்ப்பும் ஒரு சுமை.

ஓட்டம், பளுதூக்குதல் போன்றவற்றில் ஆரவாரம் பெரும்பாலும் உதவும். ஆனால் நீண்ட ஓட்டத்தில் தொடக்கக் கைதட்டலுக்கு மயங்கி முதல் சுற்றைத் திட்டமிட்டதைவிட வேகமாக ஓடினால் கடைசிச் சுற்றுகளில் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும். வேகத்தைக் கடிகாரம் சொல்லட்டும், கூட்டம் அல்ல.

சொந்த மைதானச் சாதகத்தை முழுக்க வீரர்கள் கணக்கில் எழுதுவதும் தவறு. அதில் ஒரு பங்கு நடுவர் வழியாக வருகிறது. 2002-ல் வெளியான ஆய்வொன்றில் ஒரே கால்பந்துக் காட்சிகளை நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கூச்சலோடு பார்த்தவர்கள், ஒலியில்லாமல் பார்த்தவர்களைவிட உள்ளூர் அணிமீது 15.5 சதவீதம் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். 2020-ல் கொரோனாவால் காலி அரங்கங்களில் ஆடியபோது, வெளியூர் அணிகளுக்கு வழக்கமாக விழும் கூடுதல் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன.

இனி பயிற்சிக்கு வருவோம். கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதை வரிசையாக எறிவது அசைவைக் கற்க உதவும், போட்டிக்குத் தயார்ப்படுத்தாது. போட்டியில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான், அதுவும் மூச்சு வாங்கும்போது. எனவே மைதானத்தை இரண்டு முறை வேகமாக ஓடி வந்து, சக வீரர்கள் எறியும் கோட்டைச் சுற்றி நிற்க, இரண்டே எறிதல். தவறினால் அணி முழுக்க ஒரு ஓட்டம். இது நாலைந்து முறை பழகிய பிறகு ஒலிபெருக்கியில் கூச்சல், அதன்பின் வீடியோப் பதிவு. அசைவு நிலைக்காத புதியவரை இதற்குள் தள்ளவே கூடாது, தவறான அசைவுதான் உறுதிப்படும். அதே காரணத்தால் போட்டி வாரத்தில் புதிய உத்தி எதையும் சேர்க்காதீர்கள்.

எறிவதற்கு முன் ஒரே மாதிரியான வழக்கம் வேண்டும்: மூன்று முறை பந்தைத் தட்டி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, வளையத்தின் ஒரே புள்ளியில் ஒரு விநாடி பார்வையை நிறுத்தி, உடனே எறிய வேண்டும். பார்வை நிலைத்த பிறகும் தாமதித்தால் முழங்கை பற்றிய யோசனை மீண்டும் நுழைந்துவிடும்.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று: அரங்கம் அதிரும்போது 'முழங்கையை உள்ளே வை' என்று கத்தாதீர்கள். அது வீரரின் கவனத்தை மீண்டும் உடம்புக்கே திருப்பிவிடும். தகவல் சொல்லியே தீரவேண்டுமென்றால் முன்பே பேசிவைத்த கைச்சைகை போதும். அதையும் கூச்சலுக்கு நடுவே பயிற்சியில் பழகியிருக்க வேண்டும்.